மதுரைக்கு இரண்டு நாள்!

மார்கழி மாதம். சனிக்கிழமை. பொழுது விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

சென்னையில் இருந்து வந்த ரெயில் மதுரை நிலையத்தில் நிற்கிறது. ஒரு குடும்பம் இறங்குகிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். பாட்டியின் தலையில் கம்பளிக் குல்லா. சின்னப் பையன் பாதித் தூக்கத்தில் நடக்கிறான்.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். 6 மணிக்குக் குளியல். 7 மணிக்குக் கோவில். 9 மணிக்குச் சாப்பாடு. 10 மணிக்குக் கொடைக்கானல் கார்.

எல்லாம் சீட்டில் எழுதியபடியே நடக்கிறது. மீனாட்சி அம்மனைக் கும்பிட்டாயிற்று. சொக்கநாதரைக் கும்பிட்டாயிற்று. பொற்றாமரைக் குளத்தின் அருகே வரும்போது பாட்டி நிற்கிறார்.

"ஏம்ப்பா, இந்தப் படியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகலாமா?"

"நேரம் இல்லைம்மா. கார் வந்துடும்."

பாட்டி குளத்தை ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். நடக்கிறார்.

அந்தக் குடும்பம் மதுரையைப் பார்த்துவிட்டதா?

பார்த்துவிட்டதாக ஊருக்குப் போய்ச் சொல்லும். ஆனால் பார்க்கவில்லை. மதுரையில் இறங்கியது. மதுரையைக் கடந்தது. அவ்வளவுதான்.

இப்படிக் கடந்து போகிற குடும்பங்கள் ஏராளம். கொடைக்கானலுக்குப் போகிற வழி மதுரை. ராமேசுவரத்துக்குப் போகிற வழி மதுரை. கன்னியாகுமரிக்குப் போகிற வழி மதுரை. எல்லா ஊருக்கும் வழியாக இருப்பதாலேயே, அதுவே ஓர் ஊர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மார்கழியிலோ, தையிலோ, ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் மதுரையிலேயே தங்க வேண்டும். வேறு எங்கும் ஓடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

வெயிலைத் தேடிப் போகிறவர்கள்

ஐரோப்பாவின் வட பகுதியில் டிசம்பர் மாதம் மிகவும் கொடுமையானது. லண்டன் மாநகரில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பகலிலும் பல நாள் வானம் மூடியே கிடக்கும். வெயிலைக் கண்ணால் காண்பதே அபூர்வம்.

அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும். தெற்கே மத்தியதரைக் கடல் ஓரத்து ஊர்களுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். பிரான்சு நாட்டில் உள்ள நீஸ், ஸ்பெயின் நாட்டில் உள்ள மலகா போன்ற ஊர்களில் குளிர்காலத்திலும் இதமான வெயில் அடிக்கும். கடற்கரையில் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். பழைய கோட்டை, கோவில், கடைத்தெரு எல்லாம் சுற்றிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. 18-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயச் சீமான்கள் குளிருக்குப் பயந்து நீஸ் நகருக்குப் போகத் தொடங்கினார்கள்.

அங்கே 1820-களில் ஒரு சம்பவம் நடந்தது. கடுங்குளிரில் பயிர் கெட்டது. ஏழைகளுக்கு வேலை இல்லை. ஊரில் பசி. அப்போது அங்கே தங்கி இருந்த ஆங்கிலேயர்கள் சும்மா இருக்கவில்லை. லூயிஸ் வே என்ற பாதிரியார் முன்னின்று பணம் திரட்டினார். அந்தப் பணத்தைத் தானமாகக் கொடுத்துவிடவில்லை. கடற்கரையில் ஒரு நடைபாதை போடச் சொல்லி, கூலியாகக் கொடுத்தார்கள்.

முதலில் அது 2 மீட்டர் அகலப் பாதைதான். இன்று நகரின் பெருமையே அந்தச் சாலைதான். "ஆங்கிலேயர் உலாச் சாலை" என்பது அதன் பெயர். குளிர்காலத்து விருந்தாளிகளால் வளர்ந்த நகரம் என்பதற்காகவே 2021-ம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் நீஸ் நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

வந்தவர்கள் வெயில் காய்ந்தார்கள். போகும்போது ஊருக்கு ஒரு பாதையை விட்டுச் சென்றார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நமக்கு எதற்கு?

"நமக்கு வெயில் பஞ்சமா? வருஷம் பூராவும் காய்கிறோமே!" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் வெயிலிலும் இரண்டு வகை உண்டு. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 100 டிகிரியைத் தாண்டும். அப்போது கோவிலின் வெளிப் பிரகாரத்தில் கால் வைத்தால் கல் சுடும். பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். பெரியவர்கள் நிழலைத் தேடுவார்கள். யாருக்கும் எதையும் பார்க்கத் தோன்றாது.

ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை மதுரைக்குப் போவது அந்த மே மாதத்தில்தான். கோடை விடுமுறை அல்லவா?

மார்கழி, தை மாதங்களில் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். வயல்கள் பச்சையாக இருக்கும். கண்மாய்களில் தண்ணீர் நிற்கும். விடியற்காலையில் லேசான பனி. பகல் வெயில் 86 டிகிரி அளவில்தான் இருக்கும். நடக்கலாம். மலை ஏறலாம். குளத்தங்கரையில் உட்காரலாம்.

பிள்ளைகளுக்கு டிசம்பர் கடைசியில் அரைப் பரீட்சை லீவு. ஜனவரியில் பொங்கல் லீவு. வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ரெயில் ஏறினால் சனிக்கிழமை காலை மதுரை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏறினால் திங்கட்கிழமை காலை வீடு. பெங்களூருக்கும் மதுரைக்கும் இடையே 2024 ஆகஸ்டு 31-ந் தேதி வந்தே பாரத் ரெயிலும் தொடங்கப்பட்டது.

யவனர் கண்ட ஊர்

மத்தியதரைக் கடல் என்றதும் அது ஏதோ தூர தேசம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடல் ஓரத்து மனிதர்களுக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மதுரையைத் தெரியும்.

கிரேக்கர்களையும், ரோமானியர்களையும் நம் முன்னோர் "யவனர்" என்று அழைத்தார்கள். பாண்டிய மன்னன் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டசுக்குத் தூது அனுப்பிய செய்தியை ஸ்ட்ராபோ என்ற கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் பாண்டியன் தலைநகரம் என்று மதுரையைப் பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் குறிப்பிடுகிறார். ரோமானியக் காசுகள் மதுரையில் கிடைத்திருக்கின்றன. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் ரோமானியப் பானை ஓடுகள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன.

அவர்கள் மிளகுக்கும், முத்துக்கும் வந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வந்தார்கள். திரும்பிப் போக வாடைக் காற்றுக்குக் காத்திருந்தார்கள். மார்கழி வாக்கில் கப்பல்கள் திரும்பும் என்று பிளினி கணக்குச் சொல்கிறார்.

ஆக, வெளியூரார் மாதக் கணக்கில் காத்திருந்து பார்த்த நாடு இது. நம்மவர்கள் மூன்று மணி நேரத்தில் பார்த்து முடிக்கிறார்கள்!

முதல் நாள்

முதல் நாள் காலையில் கோவில். சந்தேகமே இல்லை. ஆனால் ஓடக் கூடாது.

மார்கழியில் அய்யப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம். வரிசையில் நிற்கத்தான் வேண்டும். நிற்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஊரின் அமைப்பைச் சொல்லலாம். நடுவில் கோவில். அதைச் சுற்றி ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி. பிறகு ஆவணி மூல வீதி. அதற்கு அப்பால் மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. தாமரைப் பூவின் இதழ்களைப் போல அடுக்கடுக்கான வீதிகள். தெருக்களுக்கு மாதங்களின் பெயரை வைத்த ஊர் இது.

ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 1,000 தூண்கள் இல்லை. 985 தான். எண்ணிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அந்த மண்டபத்தை விட்டு நகர மாட்டார்கள்!

செல்போனை உள்ளே கொண்டு போக முடியாது. 2018-ம் ஆண்டு அதற்குத் தடை வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததும் பலருக்கு நினைவு இருக்கும். போன் இல்லாதது குறை அல்ல, வசதி. குடும்பம் முழுவதும் சிற்பத்தைப் பார்க்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

மார்கழித் தேய்பிறை அஷ்டமி அன்று வாய்ப்பு அமைந்தால் அதை விடக் கூடாது. அன்றுதான் அஷ்டமி சப்பரம். எல்லா ஜீவராசிகளுக்கும் இறைவன் படியளந்த லீலை அது. அம்மன் சப்பரத்தைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். வீதியில் அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். எறும்புக்கும் பங்கு உண்டு என்பது அதன் பொருள்.

பிறகு திருமலை நாயக்கர் மகால். 1636-ம் ஆண்டைச் சேர்ந்த அரண்மனை. இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். மிச்சத்தில் பெரும் பகுதியைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டு போனார் என்பார்கள். நாலில் ஒரு பங்கே இவ்வளவு பெரிது என்றால் முழு அரண்மனை எப்படி இருந்திருக்கும்! தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் கை கோத்து நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் சோதித்துப் பார்க்கட்டும்.

மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள். பெரியவர்கள் கொஞ்சம் படுத்து எழலாம். அதற்கு முன் ஒரு டம்ளர் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தது.

பிற்பகலில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அது இருக்கிறது. 1959-ம் ஆண்டு பிரதமர் நேரு திறந்து வைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே உள்ளது. அதன் முன்னால் நிற்கும்போது யாரும் பேசுவதில்லை.

காந்திக்கும் மதுரைக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1921 செப்டம்பர் 22-ந் தேதி, மதுரை மேலமாசி வீதியில் தங்கி இருந்தபோதுதான் அவர் சட்டையையும், தொப்பியையும் விட்டு, அரை வேட்டிக்கு மாறினார். ஏழைக் குடியானவனுக்கு இல்லாத துணி தனக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தார். உலகம் முழுவதும் அறிந்த காந்தியின் கோலம் மதுரையில் பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை, பாடப் புத்தகத்தில் அந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்க்கும்.

மாலையில் வண்டியூர் தெப்பக்குளம். நடுவில் மைய மண்டபம். பல ஆண்டுகள் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த குளம் இது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். பிறகு பனையூர்க் கால்வாய் சீர் செய்யப்பட்டு, வைகைத் தண்ணீர் வந்தது. தை மாதப் பவுர்ணமியில் தெப்பத் திருவிழா நடக்கும். மற்ற நாளில் சும்மா உட்காரலாம். சூடாகப் பருத்திப்பால் குடிக்கலாம்.

இரவு இட்லி. நாலு வகைச் சட்னி. தூங்கா நகரம் என்று மதுரைக்குப் பெயர் வந்தது இந்தக் கடைகளால்தான் என்று சொன்னாலும் தப்பு இல்லை. பெரியவர்களுக்குத் தெம்பு இருந்தால் மறுபடியும் கோவிலுக்குப் போய்ப் பள்ளியறைப் பூஜையைப் பார்க்கலாம். சொக்கநாதர் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும் காட்சி அது.

இரண்டாம் நாள்

இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே. இங்கேதான் மதுரையின் பழைய முகம் இருக்கிறது.

மேற்கே கீழக்குயில்குடி. அங்கே சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். 1,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. கீழே வட்டெழுத்தில் பெயர்கள். சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் "பள்ளி" என்று பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அதுதானே பெயர்? மேலே நின்று பார்த்தால் வயல், கண்மாய், தென்னந்தோப்பு, தூரத்தில் கோபுரம் எல்லாம் தெரியும். காலை 10 மணிக்குள் ஏறி இறங்கிவிடலாம்.

கிழக்கே, ராமேசுவரம் போகும் சாலையில், சிலைமானைத் தாண்டிக் கீழடி. மதுரையில் இருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2014-ம் ஆண்டு தோண்டத் தொடங்கிய இடம். அங்கே கிடைத்த சில பொருள்கள் கி.மு. 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. 2023 மார்ச் மாதம் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்கே தங்கக் குவியலைப் பார்க்கலாம் என்று போகக் கூடாது. உறைகிணறு, நூல் நூற்ற தக்களி, தந்தத்தில் செய்த சீப்பு, தாயக்கட்டை, ஆட்டக் காய்கள் ஆகியவை இருக்கின்றன. எல்லாம் வீட்டுச் சாமான்கள்.

முக்கியமானது பானை ஓடு. அதில் "ஆதன்" என்று எழுதி இருக்கிறது. ஆதன் ராஜாவா? யாருக்கும் தெரியாது. தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த ஒரு மனிதன். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் சாதாரண மனிதனுக்கும் எழுத்துத் தெரிந்திருக்கிறது! பிற்காலத்தில் பல தலைமுறைகள் கைநாட்டு வைக்க நேர்ந்தது. இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஒரு தாய் அந்த ஓட்டின் முன்னால் நின்று, பக்கத்தில் எழுதி இருக்கும் பெயரைத் தானே படித்தால், அதைவிடப் பெரிய தரிசனம் எது?

மலை பிழைத்த கதை

வடகிழக்கே மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு குன்றுகள் சூழ்ந்த கிராமம். குன்றில் சமணர் படுக்கை. பழைய தமிழ் எழுத்து. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவில். குன்றுகளில் கழுகும், வல்லூறும் கூடு கட்டும். 2022 நவம்பரில் தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல் தலம்.

இரண்டே ஆண்டில் ஆபத்து வந்தது. அரிட்டாபட்டியையும் சேர்த்து, அந்த வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் என்ற உலோகம் எடுப்பதற்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானது. கிராமத்து ஜனங்கள் கூடினார்கள். பெண்களும், கிழவர்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 2024 டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையில் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ந் தேதி விவசாயிகள் நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதம் 23-ந் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மலை பிழைத்தது.

இதில் வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அந்த மலையைக் காப்பாற்றியவர்கள் அதன் அடியில் வாழ்கிற ஜனங்கள். மற்றவர்களில் பலருக்கு அப்படி ஒரு மலை இருப்பதே அதுவரை தெரியாது. ஓர் இடத்தைக் கண்ணால் பார்த்தவனுக்குத்தான் அது போகிறது என்றால் வயிறு பதறும். 'ஐயோ, அந்த மலையா!' என்று சொல்கிற குடும்பங்கள் 1,000 இருந்தால், அந்தக் கிராமத்துக்கு அது ஒரு பலம்.

பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பணத்துக்கு எங்கே போவது?

"எல்லாம் சரி. செலவு?" என்று குடும்பத் தலைவி கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். கொடைக்கானலுக்குக் கார் வாடகை வேண்டும். மலை மேல் விடுமுறை நாளில் அறை வாடகை ஏறிவிடும். மதுரையில் தங்கினால் மலைக் கார் செலவு இல்லை. ஊருக்குள் பஸ் இருக்கிறது. சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகும் திட்டம் 2021-ல் தொடங்கியது. அம்மாவுக்கும், பாட்டிக்கும் அது உதவும். சமணர் மலை ஏறக் காசு வேண்டாம். தெப்பக்குளக் கரையில் உட்காரக் காசு வேண்டாம்.

செலவு என்றால் முக்கியமாக ரெயிலும், தங்கும் அறையும்தான். நாலு இடம் ஓடுகிற பணத்தில் ஓரிடத்தில் நன்றாக இருந்துவிட்டு வரலாம்.

மல்லிகைப் பூ மட்டும் விதிவிலக்கு. மார்கழிப் பனியில் செடி மொட்டு விடுவது குறையும். அப்போது மதுரை மல்லி கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும். ஒரு முழம் வாங்கினால் போதும். அதைக் கட்டிய கைக்கும், விடியும் முன் பனியில் பறித்த கைக்கும் கூலி வேண்டும் அல்லவா? பேரம் பேசக் கூடாத பொருள் அது.

மதுரை செய்ய வேண்டியது

விருந்தாளியை மட்டும் குறை சொன்னால் போதாது. வீட்டுக்காரருக்கும் கடமை உண்டு.

விருந்தாளியை வரவேற்பது மதுரைக்குப் புதிது அல்ல. ராணி மங்கம்மாள் 300 ஆண்டுகளுக்கு முன்பே சாலை போட்டார். வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டினார். ரெயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது. பணம் இல்லாதவனும் ஊருக்கு வரலாம், ஒரு ராத்திரி தலை சாய்க்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்த எண்ணம் இன்றும் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் தங்குவதற்குச் சுத்தமான, வாடகை குறைந்த விடுதிகள் இன்னும் அதிகமாக வேண்டும். பெண்கள் கூசாமல் போகக் கூடிய கழிப்பிடம் முக்கியமான இடங்களில் எல்லாம் வேண்டும். இது இல்லாமல் எத்தனையோ பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். சமணர் மலைக்கும், அரிட்டாபட்டிக்கும் சனி, ஞாயிறு அடிக்கடி பஸ் வேண்டும். ஆட்டோ வாடகை இவ்வளவு என்று ரெயில் நிலைய வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட வேண்டும். அது பயணிக்கும் நல்லது. நியாயமாக ஓட்டுகிற டிரைவருக்கும் நல்லது.

வெளியூர்க்காரன் இரண்டு நாள் தங்கினால் இட்லிக் கடைக்கு வியாபாரம். சுங்குடிச் சேலை நெய்து சாயம் போடுகிற குடும்பத்துக்கு வியாபாரம். பூக்காரிக்கு வியாபாரம். மூன்று மணி நேரத்தில் ஓடுகிறவனால் யாருக்கு என்ன லாபம்?

விருந்தாளி செய்ய வேண்டியது

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்ற அழகான கடற்கரை நகரம் உண்டு. 2024 ஜூலை மாதம் அந்த ஊர் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். ஓட்டல்களில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் மீது சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். "திரும்பிப் போங்கள்" என்றார்கள். பயணிகள் கூட்டத்தால் வீட்டு வாடகை ஏறிவிட்டது, ஊரில் பிறந்தவனுக்கே ஊரில் குடியிருக்க வழி இல்லை என்பது அவர்கள் குறை. இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில், காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்குச் சில நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டது. ராத்திரி தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை.

இதன் பொருள் என்ன? ஊரைத் தின்றுவிட்டுப் போகிற கூட்டத்தை எந்த ஊரும் விரும்பாது. தங்கி, பழகி, மதித்து நடக்கிற விருந்தாளியை எந்த ஊரும் வெறுக்காது.

மதுரைக் குன்றுகளில் சில சமயம் காணும் காட்சி மனதை வருத்தும். 2,000 ஆண்டுப் பழைய எழுத்துக்குப் பக்கத்தில் காதலர் பெயரைப் பெயிண்டில் எழுதுகிறார்கள். பாறையில் பாட்டிலை உடைக்கிறார்கள். பிளாஸ்டிக் பையைச் சுனையில் போடுகிறார்கள். அதை ஆடு தின்கிறது. ஆடு ஒரு கிழவியின் சொத்து.

அஷ்டமி சப்பரத்தில் எறும்புக்கும் அரிசி தூவுகிற ஊர் அது. அங்கே போய் ஆட்டுக்கு விஷம் போட்டுவிட்டு வரலாமா?

நீஸ் நகருக்குப் போனவர்கள் ஒரு பாதையை விட்டு வந்தார்கள். மதுரைக்குப் போகிறவர்கள் பாதை போட வேண்டாம். குப்பையை விட்டு வராமல் இருந்தால் போதும். கொண்டு போன பையைத் திரும்பக் கொண்டு வரலாம். கிராமத்தில் ஒரு டீ குடிக்கலாம். மலையைப் பற்றித் தெரிந்த பெரியவரிடம் கதை கேட்கலாம். போகும்போது "வர்றோம் ஐயா" என்று சொல்லிவிட்டு வரலாம்.

பாட்டி உட்காரட்டும்!

வாழ்க்கையில் லீவு நாள் குறைவு. அப்பாவுக்கு ஆபீஸ். அம்மாவுக்கு வீடும், வேலையும். பிள்ளைகளுக்குப் பரீட்சை. எல்லாரும் சேர்ந்திருப்பது வருஷத்தில் சில நாள்தான். பாட்டிக்கு இன்னும் எத்தனை மார்கழி என்பது யாருக்கும் தெரியாது.

அந்த நாட்களையும் கார் ஜன்னலில் கழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நாலு ஊரின் பெயர். நூறு போட்டோ. ஒரு முதுகு வலி.

அடுத்த மார்கழியில் அந்தக் குடும்பம் மறுபடியும் மதுரையில் இறங்கட்டும். அப்பா சட்டைப் பையில் சீட்டு வேண்டாம். கொடைக்கானல் எங்கும் ஓடிவிடாது. இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பொற்றாமரைக் குளத்தின் படியில் இளவெயில் விழும். பாட்டி உட்காருவார். பேரன் பக்கத்தில் உட்காருவான். பாட்டி சின்ன வயதில் தன் தகப்பனாரோடு இங்கே வந்த கதையைச் சொல்வார். அந்தக் கதையை மகனும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

அதைக் கேட்பதற்குத்தான் மதுரைக்கு இரண்டு நாள் வேண்டும்.